வீட்டு ஐ.பி.எல். கருவிக்குத் தமிழில் என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல். (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) முடி நீக்கும் கருவியை எப்படிப் பார்த்து வாங்குவது என்ற கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 'ஐ.பி.எல்.' என்று மட்டும் போட்டால் கிரிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. பேச்சில் பலரும் 'லேசர்' என்றே சொல்கிறார்கள். 'சீரொளி முடிநீக்கி' என்று வைத்துவிடலாமா?

இயற்பியல் ஆசிரியர்:
சீரொளி கூடவே கூடாது, அம்மா. அது லேசர். சீரொளிக்கு ஒரே அலைநீளம். முடிக்குப் பயன்படும் சீரொளி வகைகளில் அலெக்சாண்ட்ரைட் என்றால் 755 நானோமீட்டர், என்டி-யாக் என்றால் 1064. நீங்கள் சொல்லும் கருவியில் இருப்பது பெரும்பாலும் செனான் விளக்கு. கேமரா ஃபிளாஷ் மாதிரிதான். ஏறத்தாழ 500 முதல் 1200 வரை எல்லா அலைநீளமும் கலந்து வரும். இன்டென்ஸ் பல்ஸ்டு லைட் என்பதற்கு 'செறிதுடிப்பொளி' சரியாக இருக்கும். வினைத்தொகை, ஆகவே வலி மிகாது. 'செறித்துடிப்பொளி' என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

புலவர் ஐயா:
துடிப்பு உயிருக்கு உரியது. நெஞ்சு துடிக்கும், கரையில் போட்ட மீன் துடிக்கும். ஒளி வெட்டும். மின்னல் வெட்டியது என்கிறோம், 'மின்வெட்டும் நேரத்தில்' என்று எழுதுகிறோம். இன்று மின்வெட்டு என்றால் கரண்ட் போவது என்றாகிவிட்டதற்காக நல்ல சொல்லைக் கைவிடலாமா? 'வெட்டொளி' என்க. அடுத்து, 'முடி' என்பது முடியப்படுவது, அதாவது தலையில் உள்ளது. கால்மயிரை யார் முடிந்தார்கள்? 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்ற 969ஆம் குறளிலேயே நமக்குச் சொல் இருக்கிறது: வெட்டொளி மயிர்நீப்பி.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, 'மயிர்' நல்ல சொல்தான். ஆனால் பெண்கள் கையில் எடுக்கும் புத்தகத்தின் அட்டையில் அதை அச்சிட்டால் பிரிக்கவே கூச்சப்படுவார்கள். தெருவில் அது வசையாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. 'வெட்டொளி' என்றால் ஒளி முடியை வெட்டுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

புலவர் ஐயா:
'மயிரிழையில் தப்பினான்' என்று செய்தித்தாளில் வரும்போது யார் கூசினார்கள்? மயிர்க்கால் என்பதற்கு வேறு சொல் உண்டா? வசைபாடுபவர்களுக்கு அஞ்சிச் சொல்லை விட்டுக்கொடுத்தால் நாளை இன்னொன்றும் போகும்.

கணினித் தமிழ் நண்பர்:
'உரோமம்' போட்டுச் சண்டையை முடிக்கலாமே?

புலவர் ஐயா:
வடசொல்லுக்கு முன்னால் ஓர் உகரம் சேர்த்துவிட்டால் தமிழாகிவிடாது.

தோல் மருத்துவர்:
இத்தனை மடலாக ஒளியையும் மயிரையும் பார்க்கிறீர்கள், 'நீக்கி'யை யாரும் பார்க்கவில்லை. ஆபத்தே அதில்தான். இந்த ஒளியை முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு மயிர்க்காலைத் தாக்குகிறது. வளரும் பருவத்திலுள்ள முடியில்தான் இது பலிக்கும். ஆகவே வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பிறகும் அவ்வப்போது தொடர வேண்டும். முடி மெலியும், குறையும், அடியோடு போகாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலில்கூட 'நிலையான குறைப்பு' என்ற சொல்தான் வரும். நரைமுடியில் மெலனின் இல்லை, எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை. 'நீக்கி' என்று பெயர் வைத்தால் நாமே பொய் வாக்குறுதி கொடுத்ததாகும்.

கையேட்டில் முதல் பக்கத்திலேயே தோல்நிறத்தை வையுங்கள். கறுத்த தோலிலும் மெலனின் மிகுதி, ஒளியை அதுவே வாங்கிப் புண்ணாகலாம், தழும்பு கறுக்கலாம். பெட்டியில் ஆறு நிறக் கட்டம் இருக்கும்; பெரும்பாலான வீட்டுக் கருவிகள் நான்காவதோடோ ஐந்தாவதோடோ நின்றுவிடும். நம் ஊரில் பலர் அந்த எல்லையில்தான் இருக்கிறோம். மாநிறத்தைவிடக் கறுத்த தோல் என்றால் தோல்நிற உணரி இல்லாத கருவியைத் தொடவே வேண்டாம் என்று எழுதுங்கள். மச்சம், பச்சைக்குத்து, கண்ணைச் சுற்றிய இடம் எல்லாம் விலக்கு. முன்னதாக மழிக்கலாம், மெழுகு போட்டுப் பிடுங்கக் கூடாது. வேரே இல்லாவிட்டால் ஒளி எதைத் தாக்கும்? முகத்தில் திடீரென்று முடி கூடினால் கருவி வாங்கும் முன் ஹார்மோன் கோளாறா என்று பார்க்க வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர்:
மருத்துவர் சொல்வதே சரி. 'குறைப்பான்' என்போம். 'செறி' இல்லாவிட்டாலும் பொருள் கெடாது: துடிப்பொளி முடிகுறைப்பான்.

கணினித் தமிழ் நண்பர்:
எனக்கும் சம்மதம். ஆனால் கடையில் போய் இதைக் கேட்டால் யாருக்கும் புரியாது. ஒவ்வோர் இயலிலும் ஒருமுறையாவது 'ஐ.பி.எல். கருவி' என்றும் வரட்டும்.

புலவர் ஐயா:
'குறைப்பான்' ஏற்கிறேன், அது உண்மை பேசுகிறது. 'துடிப்பொளி'யையும் 'முடி'யையும் ஏற்கவில்லை. என் சொற்பட்டியலில் 'வெட்டொளி மயிர்குறைப்பான்' என்றே இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, துடிப்பொளி முடிகுறைப்பான் என்றே அனுப்புகிறேன். நிறக் கட்டத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி. அப்புறம், பெட்டியில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல் என்று போட்டிருக்கிறதே, ஃப்ளூயன்ஸ், அதற்கு 'ஆற்றல் அடர்த்தி' போதுமா?

இயற்பியல் ஆசிரியர்:
போதாது. அடர்த்தி கன அளவுக்கு, இது பரப்புக்கு. 'பரப்பாற்றல்' என்று பாருங்கள்.

புலவர் ஐயா:
பரப்பு + ஆற்றலா, பரப்பும் ஆற்றலா? இரவு விரிவாக எழுதுகிறேன்.