ஒரே சிறுநீரகம், மைட்டோமைசின் ஜெல்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு இருப்பது ஒரே சிறுநீரகம். அதன் உள்ளே, சிறுநீர் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு கட்டி. பயாப்சியில் லோ கிரேடு (மெதுவாக வளரும் வகைப் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது. சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் அப்புறம் டயாலிசிஸ்தான். அதனால் டாக்டர் மைட்டோமைசின் ஜெல் என்ற புற்றுநோய் மருந்தைப் பற்றிச் சொன்னார்.

2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. குளிர்ந்த திரவமாக உள்ளே செலுத்துவார்கள். உடல் சூட்டில் ஜெல்லாகி, சில மணி நேரம் அங்கேயே நின்று, மெல்லக் கரைந்து சிறுநீரோடு வெளியேறும். வாரம் ஒருமுறை, 6 வாரம். ஆய்வில் 71 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி முழுதாக மறைந்திருக்கிறது. ஆனால் பலருக்குச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய் சுருங்கியும் இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இருக்கிற ஒரு குழாயும் அடைத்துக்கொண்டால்?

இந்தச் சிகிச்சை எடுத்தவர்கள், கூட இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சிறுநீர் போகும் வழியில் கீழிருந்து விடும் மெல்லிய குழாய் (கதீட்டர்) வழியாகவா, முதுகில் குழாய் வைத்தா, எது தாங்கும்படி இருந்தது? குழாய் அடைக்காமலிருக்க உள்ளே ஸ்டென்ட் (சின்னக் குழாய்) வைத்தார்களா, எத்தனை நாள்? மருந்து போட்டபின் சிறுநீர் ஊதாவாகவோ நீலமாகவோ போகலாமாம். அப்பா இப்போதே ஒவ்வொரு முறையும் நிறத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறார். அவரை எப்படித் தயார்படுத்துவது?