இர்வின் கப்பலை லாயிட்ஸ் ரிஜிஸ்டர் பழைய ஆவணங்களில் தேடுகிறேன், ஒன்றும் வரவில்லை. உதவி வேண்டும்

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஓடிய ரயில்வே கப்பல்களில் வேலை பார்த்த நம்ம பக்கத்து ஆட்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். இர்வின் கப்பலில் பயர்மேன், அதாவது பாய்லருக்குக் கரி அள்ளிப்போடும் வேலை. அப்பத்தா இன்றைக்கும் "இருவின் கப்பல்" என்றுதான் சொல்லும்.

தாத்தா குடும்பம் தனுஷ்கோடியில் இருந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் ஏறியபோது வீட்டோடு எல்லாம் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு தாள். அதுவும் அப்பத்தாவின் தாய்வீட்டு டிரங்குப் பெட்டியில், தங்கச்சிமடத்தில் இருந்ததால் தப்பியது. கப்பல் பெயர், ஒரு எண், ஓரத்தில் ஊதா மையில் தாத்தாவின் பெருவிரல் ரேகை. மடிப்பில் கரையான் அரித்திருக்கிறது.

கப்பல் எப்போது கட்டப்பட்டது, எவ்வளவு பெரியது, யார் பெயரில் இருந்தது என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும். கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்று கொடுக்கும் லாயிட்ஸ் ரிஜிஸ்டர் அமைப்பின் பாரம்பரிய மையம் பழைய சர்வே அறிக்கைகளையும் வரைபடங்களையும் இணையத்தில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு வாரமாக அதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். "இர்வின் தனுஷ்கோடி" என்று போட்டால் சுழியம். "பாம்பன்" என்று போட்டாலும் சுழியம். அவர்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட கப்பல் பதிவேட்டுப் புத்தகத்தின் ஸ்கேனுக்குள் தேடினாலும் வரவில்லை.

இதே வழியில் ஓடிய இன்னொரு கப்பலின் பெயரை, "ஹார்டிஞ்ச்" என்று தேடியபோது மட்டும் நிறைய வந்தது. செங்கடல், சூயஸ் கால்வாய், 1915இல் துருக்கிப் படையின் குண்டடி என்று ஏகப்பட்டது. நம்ம ஊர்க் கப்பல் போருக்குப் போயிருக்கிறதே என்ற பூரிப்பில் இரண்டு பக்கம் எழுதி வழிகாட்டிக்கு அனுப்பினேன். "இது வேறு கப்பலாக இருக்கலாம், சரிபார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தவறுகிறேன்?

கப்பல்கணக்கு:

தங்கச்சி, உங்கள் வழிகாட்டி சொன்னது சரி. சூயஸில் குண்டடி பட்ட ஹார்டிஞ்ச், ராயல் இந்தியன் மரைன் என்ற அரசுப் படையின் துருப்புக் கப்பல். நம்ம தலைமன்னார் ஹார்டிஞ்ச் ரயில்வே கம்பெனியின் கப்பல். வைஸ்ராய் பெயர்களை அந்தக் காலத்தில் கப்பலுக்கும் பாலத்துக்கும் தெருவுக்கும் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் பெயரை மட்டும் நம்பித் தேடினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

தேடும் முறையை மாற்றுங்கள். பதிவேட்டில் கப்பல் எந்த வழியில் ஓடியது என்று இருக்காது. பெயர், எண், டன், கட்டிய ஆண்டு, கட்டிய தளம், உரிமையாளர், நீள அகலம், என்ஜின், பதிவுத் துறைமுகம், இவ்வளவுதான். பதிவுத் துறைமுகம் ஓடும் துறைமுகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே "தனுஷ்கோடி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "சவுத் இந்தியன் ரயில்வே" என்று உரிமையாளரைப் பிடியுங்கள். உரிமையாளர் வாரியாகக் கப்பல்களை அடுக்கிய பட்டியலும் பதிவேட்டோடு சேர்ந்து வந்திருக்கிறது. அதில் ரயில்வே கம்பெனியின் பெயருக்குக் கீழே அவர்களுடைய கப்பல்கள் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும்.

எந்த ஆண்டுப் புத்தகத்தை எடுப்பது என்பதற்குக் கப்பலின் பெயரே துப்பு. இர்வின் பிரபு வைஸ்ராயாக இருந்தது 1926 முதல் 1931 வரை. கூட ஓடிய கோஷன் கப்பல் சென்னை கவர்னரின் பெயர், அவர் காலம் 1924 முதல் 1929 வரை. பதவிக்கு வந்த பிறகுதான் இப்படிப் பெயர் வைப்பார்கள். 1920களின் கடைசியில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள். 1930 முதல் 1945 வரையிலான பதிவேடுகளை ப்ளிம்சால் ஷிப் டேட்டா என்று சவுத்தாம்ப்டன் நகராட்சி தனியே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. மற்ற ஆண்டுகளை லாயிட்ஸ் ரிஜிஸ்டரே இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றியிருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது.

ஒன்று கவனம். 1930களில் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள நீராவிக் கப்பல்கள் ஒரு தொகுதி, அதற்குக் கீழே உள்ளவை இன்னொரு தொகுதி. நீங்கள் திறந்தது எது?

தங்கச்சிமடத்துக்காரி:

அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். நான் திறந்து வைத்திருந்தது சின்னக் கப்பல்கள் தொகுதி. இழுவைப் படகும் டிரட்ஜருமாக வந்தபோதே யோசித்திருக்க வேண்டும். பெரிய தொகுதியை எடுத்தும் தேடுபெட்டியில் பெயர் அடித்தால் பிடிக்கவில்லையே?

கப்பல்கணக்கு:

தேடுபெட்டியை நம்பாதீர்கள். எறும்பு அளவு எழுத்து, நெருக்கமான பத்திகள். கணினி அதைப் படிக்கும்போது "ஐ" எழுத்தை ஒன்று என்று எடுக்கும், "டபிள்யு"வை இரண்டு "வி" ஆக்கும். புத்தகம் அகர வரிசையில்தானே இருக்கிறது? அகராதியைப் புரட்டுவதுபோல் கையால் புரட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகாது.

பழைய போட் மெயில்:

நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் மண்டபம். ஆண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் 1914இல் வந்தவை. அதற்கு முன் கொழும்புக்குப் போக வேண்டுமானால் தூத்துக்குடிக்குப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். ஆகவே நம்ம ஹார்டிஞ்ச், கர்சன், எல்ஜின் மூன்றையும் 1914ஐ ஒட்டித் தேடலாம்.

உரிமையாளர் பெயரை வைத்துத் தேடும்போது ஒரு சிக்கல் வரும் பாப்பா. சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியை 1944இல் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று அது, மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா, மைசூர் ஸ்டேட் ரயில்வே மூன்றும் சேர்ந்து சதர்ன் ரயில்வே ஆனது. அதே கப்பல், அதே கடல், அதே சாரங்கு. ஆனால் பதிவேட்டில் உரிமையாளர் பத்தி மாறிவிடும். தாத்தா எந்த ஆண்டில் வேலை பார்த்தாரோ அதற்கு ஏற்ற பெயரைப் போட்டுத் தேடு.

பாம்பனையும் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதே. பழைய ஆங்கிலக் காகிதங்களில் பி-ஏ-யு-எம்-பி-இ-என் என்று எழுதியிருப்பார்கள். கடைசி எழுத்து "எம்" ஆகவும் வரும். தனுஷ்கோடியில் "டி"க்குப் பின் "எச்" இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. எல்லா விதத்தையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்.

கீழக்கரை வாசி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் குடும்பத்தில் பாய்மரத் தோணி வைத்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றியவர்கள் உண்டு. அவற்றையும் இதே பதிவேட்டில் பார்க்க முடியுமா?

கப்பல்கணக்கு:

நம்ம கரைத் தோணிகளுக்கு அது இடமில்லை பாய். லாயிட்ஸ் ரிஜிஸ்டர் கப்பலின் தரத்தைச் சோதித்து வகைச் சான்று கொடுத்த அமைப்பு. தோணி கட்டியவர் மேஸ்திரியின் கைக்கணக்கில் கட்டினார், சர்வேயரைக் கூப்பிடவில்லை. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய மதராஸ் அரசின் கடல் துறை ஆணைகள் இருக்கின்றன. அங்கே போங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் கணக்குப் புத்தகங்களைக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அரபுத் தமிழில் எழுதிய பேரேடு ஒன்று கிடைத்தாலும் அதற்கு ஈடு எந்த லண்டன் ஆவணமும் இல்லை.

தங்கச்சிமடத்துக்காரி:

கிடைத்துவிட்டது! "ஐ" எழுத்துக்குப் போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இர்வின் இருக்கிறது. உரிமையாளர் பத்தியில் சவுத் இந்தியன் ரயில்வே. அப்பத்தாவிடம் போனில் காட்டினேன். அதற்கு எழுத்துத் தெரியாது. அந்த வரி மேலே விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

இரண்டு சந்தேகம். பெயருக்கு இடப்பக்கம் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கிறது. தாத்தாவின் தாளில் இருப்பதும் ஆறு இலக்கம்தான், கடைசி இலக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதைத் தாத்தாவின் ஆள் நம்பர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முதல் ஐந்தும் பதிவேட்டில் இருப்பதோடு அப்படியே பொருந்துகிறது! அடுத்து, "கிராஸ் டன்" என்று இருப்பதைக் கப்பலின் எடை என்று எழுதலாமா?

கப்பல்கணக்கு:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. அது ஆள் நம்பர் இல்லை, கப்பலின் அதிகாரப்பூர்வ எண். 1855 முதல் பிரிட்டிஷ் பதிவுக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். பெயர் மாறினாலும் கைமாறினாலும் எண் மாறாது. உடைந்து போன கப்பலின் எண்ணை வேறொன்றுக்கும் கொடுக்கமாட்டார்கள். உங்கள் ஹார்டிஞ்ச் குழப்பம் மாதிரி வராமல் காப்பது இதுதான்.

இன்னும் உறுதி செய்ய க்ரூ லிஸ்ட் இண்டெக்ஸ் புராஜெக்ட் தளத்துக்குப் போங்கள். அங்கே எண்ணைக் கொடுத்தால் கப்பல் பெயர் வரும். கடைசி இலக்கத்துக்கு சுழியம் முதல் ஒன்பது வரை பத்துத் தடவை போட்டுப் பாருங்கள். அந்தப் பத்தில் இர்வின் ஒன்றுதான் என்றால் கரையான் தின்ற இலக்கமும் உங்கள் கைக்கு வந்துவிட்டது.

கிராஸ் டன்னை எடை என்று எழுதவே கூடாது. அது கப்பலின் உள்ளிடத்தின் அளவு. அந்தக் காலக் கணக்கில் 100 கன அடி சேர்ந்தால் ஒரு டன். பயணிகள் கப்பலில் மேல்தளமும் அறைகளும் நிறைய, அதனால் கிராஸ் டன் பெரிதாகத் தெரியும். அதை வைத்து இத்தனை டன் சரக்கு ஏற்றியது என்று யாராவது எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:

பத்தும் போட்டுப் பார்த்தேன் அண்ணே. இர்வின் ஒன்றே ஒன்றுதான் வந்தது. நன்றி. இனி தாத்தாவின் பெயர் எங்கேயாவது கிடைக்குமா? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பழைய கப்பல் ஊழியர் பட்டியல்கள் இருக்கின்றன என்று படித்தேன்.

கப்பல்கணக்கு:

உண்மைதான். 1863 முதல் 1938 வரையிலான பிரிட்டிஷ் கப்பல் ஊழியர் பட்டியல்களில் சுமார் 70 சதவீதம் அங்கே மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கிறது. 5இல் முடியும் ஆண்டுகள் பெரும்பாலும் லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். ஆனால் பணம் கட்டி எழுதிக் கேட்கும் முன் யோசியுங்கள். உங்கள் கப்பல் ஆள் எடுத்ததும் இந்தக் கரையில், ஆளை விட்டதும் இந்தக் கரையில். கடலில் போனது சுமார் 35 கிலோமீட்டர். நானாக இருந்தால் அங்கே முதலில் தேடமாட்டேன். லாயிட்ஸ் ரிஜிஸ்டரிலும் கரி அள்ளியவர் பெயர் வராது. சர்வே அறிக்கையில் கேப்டன் பெயரோடு நின்றுவிடும். அது கப்பலின் இரும்பை, ஆணியை, பாய்லரைப் பற்றிய ஆவணம்.

அறிக்கைகள் பகுதியில் இர்வின் இன்னும் வராவிட்டால் அதற்கும் காரணம் இருக்கலாம். எல்லாமே இணையத்தில் ஏறிவிடவில்லை. கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் கார்ப்பரேஷன் என்ற இன்னொரு சான்று அமைப்பும் இருந்தது, 1949இல்தான் அது லாயிட்ஸ் ரிஜிஸ்டரோடு இணைந்தது. பதிவேட்டில் உங்கள் கப்பலின் வகைக் குறியைப் பாருங்கள், யார் சான்று என்று தெரியும். சிலுவைக் குறியோடு 100ஏ1 என்று இருந்தால் லாயிட்ஸ் சர்வேயர் கண்முன்னே கட்டிய கப்பல். அப்படி இருந்தால் மையத்துக்கு அந்த ஆறு இலக்க எண்ணைக் குறிப்பிட்டு மெயில் போடுங்கள்.

பழைய போட் மெயில்:

ஆள் பெயர் வேண்டுமென்றால் ரயில்வேயைத்தான் கேட்க வேண்டும் பாப்பா. தாத்தா ரயில்வே ஊழியர். சர்வீஸ் ரிஜிஸ்டர், பிராவிடண்ட் ஃபண்ட், பிறகு அப்பத்தாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்திருந்தால் அந்த பென்ஷன் புத்தகம். மதுரைக் கோட்டத்துக்கு எழுது. அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து இணை. ரேகை இருக்கும் ஓரத்தை விட்டுவிடாதே.

இன்னொன்று. மண்டபம் முகாமை அந்தக் காலத்தில் நடத்தியது இலங்கை அரசு. தோட்ட வேலைக்குப் போன சனங்களை அங்கே தங்கவைத்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். தாத்தா கரி போட்ட கப்பலில் போனவர்கள் யார் என்று எழுத நினைத்தால் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்.

தங்கச்சிமடத்துக்காரி:

ஐயா, பென்ஷன் புத்தகம் இருக்கிறது! அப்பத்தா ரேஷன் கார்டோடு ஒரே பையில் வைத்திருக்கிறது. இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் பக்கத்தில் தாத்தா பெயர், பதவி, ஓய்வு பெற்ற தேதி எல்லாம் தெளிவாக இருக்கிறது. மதுரைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஹார்டிஞ்ச் பற்றிய இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டு, இர்வினின் பதிவேட்டு வரியையும் தாத்தாவின் தாளையும் எதிரெதிரே வைக்கப்போகிறேன்.

திங்கட்கிழமை வழிகாட்டியின் கடிதத்தோடு எழும்பூர் போகிறேன். பாம்பனுக்கு இதுவரை ஆறு எழுத்துக்கூட்டல் சேர்ந்திருக்கிறது, தாளைப் பையில் வைத்துவிட்டேன். கீழக்கரை அண்ணே, தோணி பற்றி ஏதாவது கோப்பு கண்ணில் பட்டால் எண்ணைக் குறித்துவந்து இங்கே போடுகிறேன்.