ரோட்டரி அச்சில் பித்தளைக் குமிழ்: கட்டர் ஓரிடத்தில் தேய்க்கிறது, ஓரிடத்தில் பாய்கிறது

கேள்வி

சின்ன சிஎன்சி மில்லில் (கணினி நிரலில் ஓடும் வெட்டும் மெஷின்) ஏ அச்சு, அதாவது கம்பியைச் சுழற்றும் ரோட்டரி மாட்டி, பித்தளைக் கம்பியில் அலங்காரக் குமிழ் வெட்டுகிறேன். தலை 25 மி.மீ. விட்டம், கழுத்து 12. தலையில் ஆறு முறுக்குப் பள்ளம். ஒவ்வொன்றும் 20 மி.மீ. நீளத்தில் அரைச் சுற்று சுற்றும். 3 மி.மீ. பால் நோஸ் (உருண்டை முனைக் கட்டர்), ரெண்டு ஃப்ளூட் (வெட்டும் பல்), 12,000 ஆர்பிஎம், எஃப்480 (எஃப் என்பது ஃபீட், கட்டர் முன்னேறும் வேகம்). ரோட்டரி வார்ம் கியர் வகை (வார்ம் என்ற திருகு ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும்), மறுமுனையில் கம்பியைத் தாங்க டெயில்ஸ்டாக்.

கழுத்தைச் சுற்றி வரும்போது கட்டர் வெட்டாமல் தேய்த்து, பளபளவென்று தழும்பு விடுகிறது. பள்ளத்தில் இறங்கியதும் பாய்கிறது. ரெண்டு கட்டர் போச்சு. பள்ளத்தின் ஒரு சுவர் வழவழப்பு, எதிர்ச்சுவரில் அலை அலையாகக் கோடு. ஃபீட் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பதில் 1

அந்த "ஒன்றுதான்" என்பதில்தான் சிக்கல். ஜி94-இல் (ஃபீடை நிமிடத்துக்கு இவ்வளவு என்று படிக்கும் வழக்கமான முறை) ஏ அச்சு மட்டும் நகர்ந்தால் எஃப்480 என்பது நிமிடத்துக்கு 480 டிகிரி. 12 மி.மீ. கழுத்தில் ஒரு டிகிரி 0.105 மி.மீ.தான். ஆக உண்மையான ஃபீட் சுமார் 50 மி.மீ.; ஒரு பல்லுக்கு 0.002. பித்தளையானாலும் அந்தத் தடிமனில் சீவல் வராது, தேய்ப்புதான்.

பள்ளத்தில் நேர்மாறு. எக்ஸும் (கம்பியின் நீளவாட்டு அச்சு) ஏயும் சேர்ந்து ஓடும்போது லினக்ஸ்சிஎன்சி போன்ற கன்ட்ரோலர்கள் எஃப்-ஐ எக்ஸ், ஒய், இசட்டுக்கு மட்டுமே கணக்கிடும். ஏ கூடவே இழுபடும். உங்கள் பள்ளத்தில் எக்ஸ் 20 மி.மீ., சுற்றுவாட்டில் 39.3 மி.மீ., மொத்தப் பாதை 44. கட்டர் ஓடுவது 480-இல் அல்ல, 1,050-க்கு மேல்.

போஸ்ட் பிராசஸரில் (கேம் மென்பொருள் போடும் பாதையை மெஷின் நிரலாக்கும் பகுதி) ஜி93-ஐப் போடுங்கள். அதில் எஃப் என்பது வேண்டிய ஃபீடைப் பாதை நீளத்தால் வகுத்தது: 480 ÷ 44.07 = 10.9. கேம் அதே பாதையை நூறு துண்டாக்கினால் ஒவ்வொரு வரியிலும் எஃப்1089 என்று வரும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வேகம் இல்லை; அந்த வரியை நிமிடத்துக்கு எத்தனை முறை முடிக்கலாம் என்ற கணக்கு. வரிக்கு வரி எஃப் கட்டாயம். புரோகிராம் முடிவில் ஜி94-க்குத் திரும்பிவிடுங்கள்.

பதில் 2

சுவரில் விழும் அலை வேறு சமாச்சாரம். பள்ளத்தின் ஒரு சுவரில் கட்டர் கிளைம்ப் ஆக (பல் வேலைத்துண்டு நகரும் திசையிலேயே) வெட்டும், மறுசுவரில் கன்வென்ஷனல் (எதிர்த்திசையில்). வார்மில் லூஸ் இருந்தால் ஒரு சுவரில் வேலைத்துண்டு அதிரும்.

ஸ்பிண்டிலை நிறுத்தி, ரோட்டரி மோட்டாரைப் பவரில் வைத்து, சக்கில் (ரோட்டரியின் பிடிப்பான்) குறுக்காக ஒரு கம்பியைப் பிடியுங்கள். மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி டயலை (நுண் அசைவை அளக்கும் கருவி) வைத்து, கம்பியைக் கையால் மேலும் கீழும் அழுத்துங்கள். அங்கே 0.10 ஆடினால் உங்கள் தலையின் பரப்பில் 0.025. வார்மை நெருக்கிவிட்டு முழுச் சுற்றும் ஓட்டிப் பாருங்கள். வார்ம் சுற்றும் வீல் துல்லிய வட்டமாக இல்லாவிட்டால் ஓரிடத்தில் இறுகி மோட்டார் ஸ்டெப் விடும் (சொன்ன அளவு திரும்பாது). அந்த இறுக்கமான இடத்துக்குத்தான் செட் பண்ண வேண்டும், லூசான இடத்துக்கு அல்ல.

ஃபினிஷிங்குக்கு 0.2 விட்டு, எல்லாப் பள்ளத்தையும் ஏ ஒரே திசையில் சுற்றும்படி வெட்டுங்கள். கழுத்து சக் பக்கம் இருந்தால் அதைக் கடைசியில் எடுங்கள். முதலிலேயே மெலிந்துவிட்டால் தலை முறுகும், கியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேட்டவர்

டயலில் 0.12 இருந்தது, இப்போது 0.03. ஜி93-க்குப் பிறகு கழுத்தும் சுத்தம். ஆனால் ஆறு பள்ளமும் ஒரே பக்கமாகச் சாய்ந்தே இருக்கின்றன.

பதில் 2

ஒய் (கம்பிக்குக் குறுக்கான அச்சு) ஜீரோ ரோட்டரியின் மையத்திலிருந்து தள்ளியிருக்கிறது. 16 மி.மீ. கழிவுக் கம்பியில் 6 மி.மீ. என்ட்மில்லை (தட்டை முனைக் கட்டர்) ஒய்+9-இல் வைத்து, மையத்துக்குக் கீழே 3 மி.மீ. வரை இறக்கிப் பக்கவாட்டில் சீவுங்கள். ஏ-ஐ 180 திருப்பி அதே ஒய்யில் மறுபடி. மைக்ரோமீட்டரில் தடிமன் பாருங்கள். கம்பியில் சற்றுத் தள்ளி, இதையே ஒய்−9-இல் செய்யுங்கள். இரண்டு தடிமனின் வித்தியாசத்தில் கால்பங்கு தான் பிழை. 12.14, 11.98 என்று வந்தால் 0.04. பிளஸ் பக்கம் தடிமன் அதிகமென்றால் ஒய் ஜீரோவை மைனஸ் பக்கம் 0.04 நகர்த்துங்கள். சராசரி 12.00 வராவிட்டால் அது கட்டரின் விட்டமும் வளைவும் செய்யும் வேலை, இந்தக் கணக்கில் கழிந்துவிடும். கடைசிச் சீவலை மட்டும் நான்கு இடத்திலும் ஒரே 0.1 மி.மீ., ஒரே கிளைம்ப் திசை என்று வையுங்கள்.

கட்டர் மாற்றினால் இந்த ஒய் மாறாது. ரோட்டரியைக் கழற்றி மாட்டினால் திரும்பப் பார்க்க வேண்டும்.