கனடாவில் முதல் டிசம்பர்: பர்ஸும் வயிறும் மனசும் தப்பிக்க சில வழிகள்

செப்டம்பரில் டொரொண்டோவில் வந்து இறங்கிய ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆபீஸில் சீக்ரெட் சாண்டா (சீட்டில் வரும் பெயருக்கு யார் என்று சொல்லாமல் பரிசு கொடுப்பது), பாட்லக் (ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து), டீம் டின்னர் என்று மூன்று அழைப்பு, ஸ்கார்பரோவில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் பிறந்தநாள், ஊரில் அம்மா “பொங்கலுக்கு வருவியா” என்கிறார், கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 1,400 டாலர் பாக்கி, இதில் எதை விடுவது எதைப் பிடிப்பது என்று. பதில் நீளமாகப் போய்விட்டதால் தனியாகவே எழுதுகிறேன், இந்த வருடம் புதிதாக வந்த மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் முதல் டிசம்பரில் நான் செலவு செய்த காசில் பாதிக்கு மேல் குளிருக்காகவோ பசிக்காகவோ போகவில்லை. “நாங்கள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம்” என்று ஆபீஸுக்கும் ஊருக்கும் பக்கத்து வீட்டுக்கும் காட்டப் போனது. வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, வாடகைக்கு முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்துக் கட்டியதில் கையில் இருந்தது கரைந்திருந்தது, அந்த நிலைமையில் என் கணவரும் நானும் டிசம்பர் 26, பாக்சிங் டே என்கிற தள்ளுபடி நாளன்று விடியற்காலை ஐந்து மணிக்கு மைனஸ் பதினாலில் ஒரு கடை வாசலில் வரிசையில் நின்றோம். “பாதி விலை” என்று எழுதியிருந்த இரண்டு ஜாக்கெட், ஒரு டிவி, ஊருக்கு அனுப்ப மூன்று வாட்ச். அந்த ஜாக்கெட் பிப்ரவரியில் அதைவிடக் குறைந்த விலைக்குத் தொங்கியது. வாட்ச்சில் ஒன்று இன்னும் கும்பகோணத்தில் என் சித்தப்பா வீட்டு அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

சரி, காசு விஷயம்.

இங்கே விலைச்சீட்டில் இருப்பது கடைசி விலை இல்லை என்பது தெரிந்திருந்தும் முதல் வருடம் எல்லோரும் ஏமாறுகிறோம். ஒன்டாரியோவில் 13% எச்எஸ்டி என்ற விற்பனை வரி கல்லாவில்தான் சேரும். மனசுக்குள் 100 என்று போட்டுக்கொண்டு போனால் 113. பட்ஜெட் போடும்போதே வரியைச் சேர்த்துப் போடுங்கள்.

கார்டு விஷயத்தில் கணக்கைப் பார்த்தால்தான் உறைக்கும். இங்கே பெரும்பாலான கார்டுகளில் வட்டி வருடத்துக்கு 20% அளவில் இருக்கும். தம்பியின் 1,400 டாலர் பாக்கிக்கு மாதம் சுமார் 23 டாலர் வட்டி மட்டும். மினிமம் என்று 40, 45 கட்டினால் அதில் பாதி வட்டிக்கே போய்விடும், அசல் நகராது. மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும் என்று ஸ்டேட்மென்ட்டிலேயே அச்சடித்திருப்பார்கள், ஒரு தடவை அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பணம் தட்டுப்பாடு என்று அதே கார்டை ஏடிஎம்மில் போட்டு ரொக்கம் மட்டும் எடுத்துவிடாதீர்கள், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும், பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா அவகாசம் அதற்குக் கிடையாது. புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல், கார்டின் வரம்பே 1,500 அல்லது 2,000 தான் இருக்கும், அதை முழுக்க இழுத்து வைத்தால் கிரெடிட் ஸ்கோர் அடிபடும். மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொண்டால் நல்லது. அடுத்த வருடம் கார் லோனுக்குப் போய் நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

பிளாக் ஃப்ரைடே அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள் வருவது. கனடாவின் நன்றி நவிலல் அக்டோபரிலேயே முடிந்துவிடும், இருந்தாலும் தள்ளுபடி மட்டும் எல்லை தாண்டி வந்துவிட்டது. அதிலிருந்து பாக்சிங் டே வரை நாலைந்து வாரம் போனைத் திறந்தால் “கடைசி நாள்” என்றே வரும். நான் இப்போது செய்வது, அக்டோபரிலேயே வீட்டுக்குத் தேவையானவற்றை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுவேன். அந்தத் தாளில் இல்லாதது எத்தனை சதவீதத் தள்ளுபடியில் வந்தாலும் எங்களுக்கு இல்லை. தவணையில் வாங்கலாம், இப்போது காசு வேண்டாம் என்று வரும் திட்டங்களும் கடன்தான், வட்டியில்லை என்பதற்காக மூன்று நான்கு சேர்ந்தால் ஜனவரியில் எது எப்போது போகிறது என்றே தெரியாது.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்பி வாங்குகிறோம் இல்லையா, பழுது இல்லாத பொருளைத் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று ஒன்டாரியோவில் கடைகளுக்குச் சட்டம் கிடையாது, அது அந்தந்தக் கடையின் விருப்பம். பல கடைகள் பண்டிகைக்காக ஜனவரி வரை கெடு நீட்டும், ஆனால் பில்லில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பரிசு கொடுத்தால் விலை இல்லாத கிஃப்ட் ரசீதைக் கேட்டு வாங்கி உள்ளே வையுங்கள்.

சீக்ரெட் சாண்டாவுக்கு 20 டாலர் என்றால் 20 டாலர்தான். நான் நம்மூர் வழக்கத்தில் “கொடுக்கிறது கொடுக்கிறோம், நன்றாகக் கொடுப்போம்” என்று 60 டாலருக்கு ஒரு சால்வை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிய பெண் சந்தோஷப்படவில்லை, சங்கடப்பட்டார், எனக்கு வேறு ஒருவர் கொடுத்த கோப்பையையும் இரண்டு சாக்லேட்டையும் பார்த்து அவரே வருத்தப்பட்டார். இங்கே அந்த வரம்பு ஒரு மரியாதை, அதைத் தாண்டுவது பெருந்தன்மையாகத் தெரியாது. பிள்ளைகளின் டீச்சருக்கு ஒரு வாழ்த்து அட்டையும் பத்து டாலர் காபி கார்டும் போதும். அதுகூடக் கட்டாயம் இல்லை, பிள்ளை கையால் எழுதிய அட்டையே நன்றாக இருக்கும்.

நம்மவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு செலவை இங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இவர்களுக்கு ஜனவரி 1 உடன் பண்டிகை முடிகிறது, நமக்கு அடுத்த இரண்டு வாரத்தில் பொங்கல் நிற்கிறது. தங்கைக்குப் பொங்கல் சீர், அம்மாவுக்குப் புடவை, தலைப்பொங்கல் யாருக்காவது இருந்தால் அது தனி. இந்தப் பணத்தை டிசம்பர் முதல் தேதியே எடுத்து ஒதுக்கிவிடுங்கள், மிச்சத்தில்தான் கிறிஸ்துமஸ். தலைகீழாகச் செய்தவர்கள் ஜனவரி பத்தாம் தேதி கார்டைத் தேய்த்து ஊருக்குப் பணம் அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருத்தி. டிசம்பர் விடுமுறையில் சென்னைக்கு டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும், முதல் வருடமே போய்த்தான் ஆக வேண்டும் என்று இல்லை. அம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள், “இப்போ ஊருக்கு வர்ற டிக்கெட் காசுல ரெண்டு மாச வாடகை கட்டலாம்மா” என்று. நாம் நினைப்பதைவிட அவர்களுக்குக் கணக்கு நன்றாகவே புரியும்.

அப்புறம் சாப்பாடு. இதில் நான் நல்ல பிள்ளை வேஷம் போடப் போவதில்லை.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், நன்றி நவிலலிலிருந்து புத்தாண்டு வரையான பருவத்தில் சராசரியாக எடை கூடியது 0.37 கிலோதான் என்று கண்டார்கள். அரைக் கிலோகூட இல்லையே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால் அது பிறகு இறங்கவில்லை, வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். நம் உடம்புக்குச் சர்க்கரை நோய் சீக்கிரம், அதுவும் குறைந்த எடையிலேயே வரும் என்பது தெரிந்த கதை, வீட்டுக்கு ஒருவராவது மாத்திரை போடுகிறோம். ஆகவே குலாப் ஜாமூனையும் ஃப்ரூட் கேக்கையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு “பண்டிகைதானே” என்று சொல்லும் வசதி நமக்குக் கொஞ்சம் குறைவு.

இங்கே தமிழ் விசேஷங்களில் எப்படி என்றால், அழைப்பில் ஆறு மணி என்று இருக்கும், ஏழரைக்கு ரோல்ஸ், கட்லட், வடை வரும். பசியில் ஆளுக்கு ஐந்தாறு உள்ளே போகும். கேக் வெட்டி, பாட்டு, டான்ஸ் எல்லாம் முடிந்து பத்தரைக்குச் சாப்பாடு திறப்பார்கள், புட்டு, இடியாப்பம், கொத்து ரொட்டி, ஆட்டிறைச்சிக் கறி, யாழ்ப்பாணத்து அக்காமார் கைப்பக்குவம், வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும். சொன்னாலும் “என்ன பிள்ளை, ஒண்டும் சாப்பிடேல்லை” என்று கேட்டபடி தட்டில் விழும். நான் கண்டுபிடித்தது, கிளம்பும் முன் ஐந்தரைக்கு வீட்டிலேயே கொஞ்சம் தயிர்சாதம். அது போட்டுவிட்டால் ரோல்ஸ் இரண்டோடு நிற்கும். இரவுச் சாப்பாட்டில் பிடித்த ஒன்றை மட்டும் நிறைய, மற்றது வேண்டாம். கிளம்பும்போது அலுமினியத் தட்டில் கட்டித் தருவதை மறுக்காதீர்கள், மறுத்தால் மனசு நோகும், வாங்கிக்கொண்டு போய்ப் பாதியை ஃப்ரீசரில் போடுங்கள். புதன்கிழமை சமையல் மிச்சம்.

ஆபீஸ் பாட்லக்குக்கு முப்பது பேருக்கு பிரியாணி தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு கரண்டிதான் எடுப்பார்கள், பதினைந்து பேர் பதினைந்து பதார்த்தம் கொண்டு வருவார்கள். ஒரு டப்பா எலுமிச்சைச் சாதமோ கொஞ்சம் பருப்பு வடையோ போதும். என்ன போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், முந்திரி, வேர்க்கடலை என்றால் கட்டாயம், அலர்ஜி உள்ளவர்கள் இருப்பார்கள்.

குடிப்பவர்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் சொல்லாமல் விட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கையில் ஜி1, ஜி2 லைசென்ஸ் (முழு ஜி லைசென்ஸுக்கு முந்தைய பழகுநர் கட்டங்கள்) இருந்தால் ஒன்டாரியோவில் உங்களுக்கு அனுமதி பூஜ்யம். “ஒரே ஒரு பீர்தான்” என்பது கிடையாது. முழு ஜி உள்ளவர்களுக்கே ரத்தத்தில் மது அளவு 0.05 தொட்டால் லைசென்ஸ் தற்காலிகமாகப் பறிபோகும், 0.08 கிரிமினல் குற்றம், பிஆருக்கு, அதாவது நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவருக்கு அது எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் சாலையில் போலீஸின் ‘ரைடு’ என்ற மது சோதனை நிறைய நடக்கும், ஊதச் சொல்ல போலீஸ் காரணம் காட்டத் தேவையில்லை, 2018 டிசம்பரிலிருந்து சட்டம் அப்படி. கையில் ஜூஸ் வைத்துக்கொண்டு நின்றால் இங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை, நம்மவர்கள்தான் கேட்பார்கள்.

மனசு. டிசம்பர் 21 வாக்கில் டொரொண்டோவில் மாலை நாலே முக்காலுக்கு இருட்டிவிடும், மொத்தப் பகலே ஒன்பது மணி நேரத்துக்குள். முதல் வருடம் எனக்கு என்ன ஆகிறது என்றே புரியவில்லை. ஐந்து மணிக்கு ராத்திரி ஆகிவிட்டது போல ஒரு சோர்வு, கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போகும், அது பசியே இல்லை. மதியம் பன்னிரண்டரைக்கு வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வருவதுதான் எனக்குக் கைகொடுத்தது. ரொம்பக் குளிர் என்றால் மாலுக்குள் நடக்கலாம், ஆனால் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு. வைட்டமின் டி பற்றி குடும்ப டாக்டரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ கேளுங்கள்.

ஊருக்கு வீடியோ அழைப்பு போடும் நேரமும் முக்கியம். குளிர்காலத்தில் இந்தியாவுக்குப் பத்தரை மணி நேர வித்தியாசம். நான் ராத்திரி பத்தரைக்குப் போடுவேன், அங்கே காலை ஒன்பது, மார்கழிக் கோலத்தைக் காட்டுவார்கள், கோவிலில் வாங்கிய பொங்கலைக் காட்டுவார்கள், அதன்பிறகு தூக்கம் வராமல் ஒரு மணி வரை அழுவேன். இப்போது காலை எட்டு மணிக்குப் பேசுகிறேன், பேசி முடித்ததும் வேலைக்கு ஓட வேண்டும், அழ நேரம் இல்லை. சிரிக்காதீர்கள், இது வேலை செய்கிறது.

தனியாக இருக்கும் மாணவர்களுக்குத்தான் அந்தப் பத்து நாள் கொடுமை. காலேஜ் மூடி, கூட இருப்பவர்கள் போய், தெருவே வெறிச்சோடிவிடும். யாராவது தமிழ்க் குடும்பம் “சாப்பிட வா” என்று கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள், ஒரு பாக்கெட் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனால் போதும். டொரொண்டோ நகர மண்டபத்து முன்னால் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஐஸ் ஸ்கேட்டிங் இலவசம், ஸ்கேட்ஸுக்கு மட்டும் நீங்கள் வழி பார்க்க வேண்டும், பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும். நூலக அட்டை எடுத்தால் அருங்காட்சியக பாஸ்கூட வாங்கலாம். சோர்வு எல்லை தாண்டி, வாழ்ந்து என்ன என்கிற மாதிரி எண்ணம் வந்தால் யாருக்கும் காத்திருக்காமல் 988க்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள், இருபத்திநாலு மணி நேரமும் உண்டு, ஆனால் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். தமிழில் பேசி வழி கேட்க வேண்டும் என்றால் 211, மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துவிடுவார்கள்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். டீம் டின்னருக்குப் போங்கள், ஆபீஸ் காசு. பாட்லக்குக்கு எலுமிச்சைச் சாதம். சீக்ரெட் சாண்டா 20 டாலர். பிறந்தநாளுக்கு ஒரு கவரில் உங்களால் முடிந்ததை வையுங்கள், புதிதாக வந்தவர் என்று அவர்களுக்குத் தெரியும். டிக்கெட் வேண்டாம். மிச்சம் பிடிப்பது எல்லாம் அந்த 1,400க்கு.

ஒன்று விட்டுவிட்டேன். 25ஆம் தேதி கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், 24 மதியத்துக்குள் பாலும் தயிரும் வாங்கி வைத்துவிடுங்கள். அன்றைக்கு தோசை வேண்டும் என்றால் மாவை 23 ராத்திரியே அரைத்து, ஓவனுக்குள் வைத்து, ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள், மறுநாள் மாலைக்குள் பொங்கிவிடும். அடியில் ஒரு தட்டு வையுங்கள், வழிந்தால் கழுவுவது நீங்கள்தான்.