மாரடைப்புக்கு அப்புறம் வரும் தாறுமாறான துடிப்பு: மறக்க முடியாத கேஸ் எது?

சிசியூ சிஸ்டர்

எஸ்டிகே (ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ்) போட்ட கேஸ். இன்ஃபீரியர் எம்ஐ (இதயத்தின் அடிப்பக்க மாரடைப்பு), 50 தாண்டிய ஆண். 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்தில் ஓடி முடிந்தது. வலி குறைந்து, ஈசிஜியில் ஏறியிருந்த எஸ்டி பகுதி இறங்க ஆரம்பித்த நேரம் மானிட்டரில் அகலமான காம்ப்ளெக்ஸ் (துடிப்பின் அலைவடிவம்) வரிசை கட்டி வந்தது. ரேட் 84. பிபி 110/70. பேஷன்ட் தெளிவாகப் பேசுகிறார், குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். டியூட்டி டாக்டர் விடி (கீழறையிலிருந்து வரும் ஆபத்தான வேகத் துடிப்பு) என்று முடிவுகட்டி சைலோகார்ட் (லிக்னோகெயின், துடிப்பை அடக்கும் மருந்து) 100 மி.கி. போடச் சொன்னார். போட்ட கொஞ்ச நேரத்தில் அந்த அகலத் துடிப்பு நின்றது. அடியில் வேறு துடிப்பே இல்லை, வெறும் கோடு. நெஞ்சை அழுத்தி, அட்ரினலின் 1 மி.கி. போட்டுத்தான் மீட்டார்கள்.

அது ஏஐவிஆர், அதாவது கீழறை தானாகவே சற்று வேகமாகத் துடிப்பது. அடைப்பு கரைந்து ரத்தம் திரும்பப் பாயும்போது வருவது. சைனஸ் (இதயத்தின் இயல்பான துடிப்பைக் கிளப்பும் இடம்) மந்தமாகிப்போன நேரத்தில் கீழறைதான் தானாகத் துடித்து ஆளைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதையும் அடக்கினால் மிச்சம் என்ன? பிபி நன்றாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், பெரும்பாலும் தானே அடங்கும். பிபி இறங்கினால் அட்ரோபின் கொடுத்து சைனஸை வேகப்படுத்துங்கள்.

ஈசிஜி டெக்னீஷியன்

ரேட் 84க்கு சிஸ்டர் சொன்னது சரி. ஆனால் "கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்வது பயமாக இருக்கிறது. 115, 120 வந்தால்? அந்த இடத்தில் ஏஐவிஆரும் ஸ்லோ விடியும் ஒன்றுபோலவே தெரியும். மானிட்டரின் ஒற்றை லீடை நம்பாமல் உடனே 12 லீட் ஈசிஜி, கூடவே லீட் 2 நீளமாக ஒரு ஸ்ட்ரிப் எடுங்கள். ஏஐவிஆர் மெதுவாக உள்ளே நுழையும், மெதுவாக வெளியே போகும். இரண்டு முனையிலும் பாதி சைனஸ் பாதி கீழறை என்று கலந்த துடிப்பு கிடைக்கும். பட்டென்று ஆரம்பித்து 120க்கு மேல் ஓடினால் விடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சுகர் பேஷன்ட், கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, காம்ப்ளெக்ஸ் அகலமாக, மெதுவாக, பி அலையே (மேலறைத் துடிப்பின் அலை) இல்லை என்றால் அது பொட்டாசியம் ஏறியதாகவும் இருக்கலாம். லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஏபிஜி (ரத்த வாயு பார்க்கும்) மெஷினிலேயே பொட்டாசியம் பார்த்துவிடுங்கள். அங்கே தேவைப்படுவது கால்சியம் குளுக்கோனேட். லிக்னோகெயின் போட்டால் ஆளே போய்விடலாம்.

கேஷுவாலிட்டி எமர்ஜென்சி டெக்னீஷியன்

மானிட்டருக்குக் கீழே வந்து சேர்ந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தத் துடிப்பால் இறப்பவர்களில் அதுவரை வராமலே போகிறவர்கள்தான் அதிகம். விஎஃப் (கீழறை துடிக்காமல் வெறுமனே நடுங்குவது) வந்தபின் நெஞ்சை யாரும் அழுத்தாவிட்டால், நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது.

நான் சொல்ல வந்தது ஷாக் மெஷினின் சிங்க் பட்டன். நெஞ்சுவலி என்று நடந்து வந்தவர், ஸ்ட்ரெச்சரில் படுத்ததும் விஎஃப். சார்ஜ் ஆகிவிட்டது, எல்லோரும் விலகியாயிற்று, ஷாக் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழுத்தினாலும் இல்லை. முந்தின பேஷன்டுக்கு ஏஎஃப்புக்கு (மேலறை நடுக்கம்) கார்டியோவெர்ஷன் (துடிப்போடு ஒத்துக் கொடுக்கும் ஷாக்) செய்து சிங்க்கை அணைக்காமல் விட்டிருந்தார்கள். சிங்க் போட்டிருந்தால் மெஷின் ஆர் அலையை (கீழறைத் துடிப்பின் கூர்முனை) தேடும், கிடைத்தால்தான் ஷாக் விடும். விஎஃப்பில் ஆர் அலை ஏது? திரையில் "சிங்க்" எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. சில மாடல் தானாக அணையும், சிலது அணையாது. உங்கள் மெஷின் எந்த வகை என்று இன்றைக்கே பாருங்கள்.

பேட் ஒட்டுவதும் அப்படித்தான். மாரடைப்புக்காரர் வியர்வையில் நனைந்திருப்பார், துடைக்காமல் ஒட்டினால் பேட் தூக்கிக்கொள்ளும். ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். பெண்களுக்குத் தயங்காமல் ரவிக்கையை வெட்டுங்கள், தாலிச் சரட்டை ஒதுக்கிவிடுங்கள், மார்பகத்தின் மேல் ஒட்டாமல் கீழே ஒட்டுங்கள். நைட்ரோகிளிசரின் பேட்ச் இருந்தால் உரித்துவிட்டுத் துடையுங்கள். பைஃபேசிக் (மின்சாரத்தை இரு திசையிலும் செலுத்தும்) மெஷின் என்றால் கம்பெனி சொன்ன ஜூல் (ஷாக்கின் அளவு), தெரியாவிட்டால் அந்த மெஷினின் அதிகபட்சம். ஷாக் போனதும் திரையைப் பார்த்து நிற்காதீர்கள். உடனே 2 நிமிடம் அழுத்துங்கள், 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120.

கார்டியாலஜி பிஜி (மேற்படிப்பு டாக்டர்)

எமர்ஜென்சி டெக்னீஷியன் அண்ணன் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் முதல் 48 மணி நேரத்து விஎஃப்பைப் பார்த்துவிட்டு, "ஐசிடி (உடலுக்குள் வைக்கும் ஷாக் கருவி) வைத்தே ஆகணும்" என்று குடும்பத்தைக் கலங்கடிக்கிறார்கள். அந்த நேரத்து விஎஃப் பெரும்பாலும் அடைப்பு, இஸ்கீமியாவால் (ரத்தம் போதாமையால்) வந்தது, அதற்காக மட்டும் ஐசிடி தேவையில்லை. 48 மணி நேரம் கழித்து, புது அடைப்பு எதுவும் இல்லாமல் வரும் விடி, விஎஃப் வேறு கதை. அது தழும்பிலிருந்து வருகிறது, திரும்ப வரும்.

டிஸ்சார்ஜான பிறகு ஹோல்டரில் (நாள் முழுக்க மாட்டும் ஈசிஜி) நூற்றுக்கணக்கில் விபிசி (கீழறையின் முந்திக்கொண்ட துடிப்பு) வந்த ஒருவரின் மகன், "துடிப்பை நிறுத்த மாத்திரை கொடுங்க சார்" என்று விடாமல் கேட்டார். கேட்பது நியாயம்போலத்தான் இருக்கும். காஸ்ட் ஆய்வு அந்த நினைப்பில்தான் நடந்தது. ஃபிளெகைனைடும் என்கைனைடும் விபிசியை அழகாக அடக்கின. ஆனால் 1991-இல் வந்த முழுக் கணக்கில், மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள்; மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். தழும்பு விழுந்த இதயத்தில் அந்த மருந்துகளே விடியைக் கிளப்பிவிட்டன. அவருக்குத் தேவைப்பட்டது பீட்டா பிளாக்கரை விடாமல் போடுவதும் இதயத்தின் பம்பிங் (ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) எவ்வளவு என்று பார்ப்பதும்தான்.

அந்தப் பம்பிங்கையும் சீக்கிரம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மயங்கிக் கிடந்த தசை எழுந்திருக்க நாள் பிடிக்கும். 40 நாள் கழித்து எக்கோ, ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்திருந்தால் 90 நாள். அப்போதும் 30 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் ஐசிடி. மாடிட்-2 ஆய்வில் ஐசிடியால் இறப்பு 19.8 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அவசரப்பட்டு முதல் 40 நாளுக்குள் வைத்த டினமிட் ஆய்வில் மொத்த இறப்பு குறையவே இல்லை.

சிசியூ சிஸ்டர்

120 பற்றி ஈசிஜி டெக்னீஷியன் சார் சொன்னதை ஏற்கிறேன். கூடவே ஒன்று: லேசிக்ஸ் (சிறுநீர் பிரிக்கும் மருந்து) ஓடுகிற பேஷன்டுக்கு விபிசி கூடினால் முதலில் பொட்டாசியம், மெக்னீசியம் பாருங்கள். பொட்டாசியம் 4, மெக்னீசியம் 2, அதற்குக் கீழே விடாதீர்கள். கேசிஎல்லை (பொட்டாசியம் மருந்து) ஒருபோதும் நேராக ஊசியில் தள்ளக்கூடாது. கை வெயினில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட், பம்ப்பில் மட்டும். அமியோடரோன் (துடிப்பை அடக்கும் மருந்து) 150 மி.கி. போட வேண்டி வந்தால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில், 10 நிமிடத்துக்கு. வேகமாக விட்டால் பிபி விழும். சலைனில் கலக்காதீர்கள். டிரிப்பாக நீண்ட நேரம் ஓடினால் கை வெயின் சிவந்து கயிறுபோல் தடித்துவிடும், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள்.