ராத்திரி கடைசி வண்டிக்கு மட்டும் ஏன் இந்த கதி? போர்டுல "5 நிமிடம்"னு போட்டே அரை மணி நேரம் நிக்க வைக்கிறாங்க

கடைசிவண்டி_பயணி · இரவு 1:32

எனக்கு செகண்ட் ஷிப்ட். பத்தரைக்கு வேலை முடிஞ்சு ஓட்டமும் நடையுமா ஸ்டேஷனுக்கு வந்தா 11:10 வண்டி, அதை விட்டா 11:50 தான் கடைசி. போன வாரம் அஞ்சு நாள்ல மூணு நாள் லேட்டு, அதுல ஒரு நாள் ரத்து. லேட்டாகுறத கூட பொறுத்துக்கலாம், அந்த போர்டு இருக்கு பாருங்க, அதைப் பார்த்தாதான் பத்திக்கிட்டு வருது. வியாழக்கிழமை நான் பிளாட்பாரத்துக்கு வரும்போது "5 நிமிடம்". பத்து நிமிஷம் கழிச்சு பார்த்தா அப்பவும் 5. பக்கத்துல ஒருத்தர் ஹெல்மெட்டை மடியில வச்சுக்கிட்டு அப்படியே தூங்கிட்டாரு, அவர் ஒரு தூக்கம் போட்டு முழிச்சு பார்த்தப்பவும் 5 தான். 11:42க்கு மணி அடிச்சு "வருந்துகிறோம், ரத்து செய்யப்பட்டுள்ளது"ங்கறாங்க. கடைசி பஸ் 11:30க்கே போயாச்சு. 11:50 வண்டியாவது வருமான்னு கேட்டா கவுண்டர்ல இருந்தவர் கையை விரிச்சுட்டாரு. அதுவும் அரை மணி லேட்டா வந்து, வீடு சேரும்போது ஒண்ணே கால்.

ரத்து பண்ணப் போறாங்கன்னா அது 11:10க்கே தெரியாதா? ஏன் எல்லாமே ராத்திரில வச்சு நடக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, இல்ல எப்படி சமாளிக்கிறீங்கன்னாவது சொல்லுங்க.

பச்சைக்கொடி · காலை 6:10

ரயில்வே கன்ட்ரோல் ரூம்ல ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன் நான், இப்ப இல்ல, அதனால கொஞ்சம் மனசு விட்டு சொல்லலாம்.

மொதல்ல ஒண்ணு. உங்க 11:10 வண்டின்னு தனியா ஒண்ணு எங்கயும் நிக்கிறதில்ல. அந்தப் பக்கம் போன ரேக்கே, அதாவது அதே பெட்டிங்க கோர்த்த மொத்த வண்டியே, திரும்பி வந்துதான் உங்க வண்டி ஆகும். காலையில ஏழு மணிக்கு எங்கயோ ஒரு கதவு மூடாம எட்டு நிமிஷம் போச்சுன்னு வைங்க, ஒவ்வொரு கோடியிலயும் திரும்புறதுக்கு குடுக்குற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சிடுவோம். சாயங்கால கூட்டத்துல மறுபடி ஏதாவது ஆனா அதைப் பிடிக்கறதுக்கு நேரம் இருக்காது, அது அப்படியே உருண்டு உருண்டு பத்து மணிக்கு மேல இருக்கற வண்டிங்க தலையில வந்து விழும். டிரைவருக்கும் டியூட்டி நேர வரம்பு இருக்கு, அதைத் தாண்டி ஓட்டக்கூடாது, பாதுகாப்பு விஷயம் அது. பகல்ல இப்படி ஆனா மாத்தி விட ஸ்பேர் ஆள் இருப்பாங்க, ராத்திரி பதினொண்ணுக்கு அனேகமா யாரும் இருக்க மாட்டாங்க. ரேக் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது.

அடுத்தது லைன் பிளாக். தண்டவாள வேலை எல்லாம் ராத்திரிலதான். ரெண்டு லைன்ல ஒண்ணை மூடிட்டா போறதும் வர்றதும் மிச்சம் இருக்கற ஒரே லைன்ல, ஒண்ணு தாண்டுற வரைக்கும் எதிர்ல வர்றது நிக்கணும். மூணு மணி நேரம் பிளாக் வாங்கினாலும் மூணு மணி நேர வேலை நடக்காது. மேல கம்பில கரண்டை நிறுத்தணும், நிறுத்தினது நிஜம்தானான்னு பார்த்து எர்த் மாட்டணும், அப்புறம்தான் ஆள் இறங்கலாம், முடிஞ்சதும் அதே வரிசையை தலைகீழா பண்ணணும். நடுவுல ஒரு தெர்மிட் வெல்டிங்னா, அலுமினியத் தூளையும் இரும்பு ஆக்சைடையும் பத்த வச்சு உருகின இரும்பை ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல ஊத்துவாங்க, ஊத்தினது இறுகணும், மேல வழிஞ்சதை வெட்டணும், தேய்ச்சு மட்டம் பண்ணணும். அவசரப்படுத்தினா அது நாளைக்கு உடையும்.

போர்டு விஷயத்துல நீங்க கோவப்படுறது நியாயம்தான். அது டைம்டேபிளையும், வண்டி கடைசியா எந்த இடத்தைத் தாண்டுச்சுன்னும் வச்சு போடுற கணக்கு. வண்டி நகரவே இல்லன்னா, சில சிஸ்டம் இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பிடும்னு நினைச்சுக்கிட்டு அதே நம்பரை தள்ளிக்கிட்டே போகும். கன்ட்ரோல்ல இருக்கறவனும் வேற ஒரு டிரைவர் கிடைப்பாரா, பிளாக் சீக்கிரம் முடியுமான்னு கடைசி நிமிஷம் வரைக்கும் பார்ப்பான். கிடைச்சா ஓட்டிடலாம்னு ஒரு நப்பாசை. நானே அப்படி இருந்திருக்கேன். பிளாட்பாரத்துல நிக்கிறவனுக்கு அந்த அரை மணி நேரம்னா பஸ் போச்சுன்னு அந்த சீட்ல உக்காந்தா தோணாது, அதான் நிஜம்.

நைட்டவுல் · காலை 7:45

அதெல்லாம் சரி ப்ரோ, ராத்திரி முழுக்க ஓட்டுற ஊர் இருக்கே? நியூயார்க் சப்வே 24 மணி நேரமும் ஓடுது. அவங்களுக்கு மட்டும் வெல்டிங் வேணாமா?

பச்சைக்கொடி · காலை 8:20

நல்ல கேள்வி. அங்க நிறைய வழித்தடத்துல நாலு டிராக் இருக்கு, நிக்காம போற எக்ஸ்பிரஸுக்கு ரெண்டு, எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிறதுக்கு ரெண்டு. ஒண்ணை மூடினா இன்னொண்ணுல விடலாம். அப்படியும் ராத்திரி இடைவெளி அதிகம்தான், வேலை நடந்தா ரூட்டையே மாத்தி விடுவாங்க. லண்டன்ல நைட் ட்யூப்னு ராத்திரி மெட்ரோ 2016 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க, அதுவும் வெள்ளி சனி ராத்திரி மட்டும், சில லைன்ல மட்டும். மத்த நாள் ராத்திரி பராமரிப்புக்கு வேணுமில்ல. ரெண்டே டிராக் இருக்கற இடத்துல தினம் சில மணி நேரம் மூடியே ஆகணும்.

சும்மா_ஒருத்தன் · காலை 9:02

எப்ப பாரு சிக்னல் கோளாறுன்னு ஒரே ரெக்கார்டு. பொய்யும் புளுகும். ஸ்டேஷன்ல இருக்கறவனை பிடிச்சு நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டாதான் சரிப்படுவாங்க.

பச்சைக்கொடி · காலை 9:40

கேட்டு என்னங்க ஆகப்போகுது, அவருக்கும் அதே போர்டுதான். சிக்னல் கோளாறுங்கறதும் எப்பவும் புளுகு இல்ல. நிறைய இடத்துல ரெண்டு தண்டவாளத்துலயும் லேசா கரண்டு ஓடிக்கிட்டு இருக்கும், வண்டி சக்கரம் மேல வந்தா அது ஷார்ட் ஆகி சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் முழுசா உடைஞ்சாலும் பெரும்பாலும் கரண்டு அறுந்து சிவப்புதான் விழும், அப்படித்தான் அமைச்சிருக்காங்க. குளிர் ராத்திரில இரும்பு சுருங்கும், ஏற்கனவே மெல்லிசா கீறல் இருந்த இடம் அப்பதான் விட்டுக்கும். உங்களுக்கு சிக்னல் கோளாறுன்னு கேக்குது, அங்க ஒரு ஆள் டார்ச்சை வச்சுக்கிட்டு இருட்டுல தண்டவாளத்தோரம் நடந்து உடைஞ்ச இடத்தை தேடிக்கிட்டு இருப்பார்.

வார்டு_ராணி · மதியம் 2:15

நான் ஆஸ்பத்திரில வேலை பாக்கறேன், பத்து வருஷமா லேட் வண்டிதான். அந்த சார் சொன்ன காரணமெல்லாம் ஒத்துக்கறேன், ஆனா ஒரு விஷயத்தை விட்டுட்டாரு. காலையில எட்டு மணிக்கு ஒரு வண்டி ரத்தானா நாலஞ்சு நிமிஷத்துல அடுத்தது, கொஞ்சம் நசுங்கிக்கிட்டு போவோம், அவ்ளோதான். ராத்திரி ஒண்ணு ரத்தானா நாப்பது நிமிஷம், இல்லன்னா விடிய விடிய. ஆனா கணக்குல ரெண்டும் ஒரே ஒரு ரத்து! இன்னும் கூத்து கேளுங்க, ஜெர்மனில நேரம் தவறாமைக்கு சொல்ற சதவீதத்துல ரத்தான வண்டி சேர்றதே இல்ல, 6 நிமிஷத்துக்கு கம்மியா லேட்டானா அது சரியான நேரம். ஓடாத வண்டி எப்படிங்க லேட்டாகும்னு கேட்டா என்னத்த சொல்றது.

பன்னெண்டு மணிக்கு ஆளில்லாத பிளாட்பாரத்துல ஒரு பொம்பளை நிக்கிறதுக்கும் உங்களை மாதிரி ஒரு ஆம்பளை நிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி. பாத்ரூமைப் பூட்டிடுவாங்க, பாதி லைட்டை அணைச்சிடுவாங்க. நான் எப்பவும் ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் வாசல் பக்கத்து பெஞ்சுலதான் உக்காருவேன், வண்டில ஏறும்போதும் ஆள் இருக்கற பெட்டிதான்.

உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். போர்டைப் பாக்காதீங்க, எதிர் பிளாட்பாரத்தைப் பாருங்க. உங்க 11:10 ஆகப்போற ரேக்கு அதுக்கு முன்னாடி அந்தப் பக்கமா போயிருக்கணும்ல? எத்தனை மணிக்கு போகும்னு ரெண்டு நாள் கவனிச்சு வச்சுக்கோங்க. அது போகலன்னா உங்களுது வரவே வராது, போர்டு என்ன சொன்னா என்ன. கேக்கறதா இருந்தாலும் "வண்டி எப்ப வரும்"னு கேக்காதீங்க, "கிளம்பற இடத்துல இருந்து கிளம்பிடுச்சா"ன்னு கேளுங்க, அதுக்கு பதில் சொல்ல அவங்களுக்கும் ஈஸி. கூட தினம் வர்றவங்க நாலு பேரைப் பிடிச்சு ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சுக்கோங்க, நாங்க அப்படித்தான், முந்தின ஸ்டேஷன்ல ஏறுறவங்க "ஏறிட்டேன்"னு ஒரு வார்த்தை போட்டா போதும். ரத்துன்னா சேர்ந்து ஒரே கார்ல போயிடுவோம்.

கடைசிவண்டி_பயணி · இரவு 9:50, பிரேக்ல இருந்து

அக்கா, எதிர் பிளாட்பாரத்தைப் பாக்கணும்னு இத்தனை நாள் தோணவே இல்ல எனக்கு. பச்சைக்கொடி சாருக்கும் நன்றி. தண்டவாளத்துல வேலை பாக்கறவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நானும் ராத்திரில உழைக்கிறவன்தான். "இன்னிக்கு சந்தேகம்தான், வேற வழி இருக்கறவங்க கிளம்புங்க"ன்னு 11:15க்கு மைக்ல ஒரு வார்த்தை சொன்னா போதும், பஸ்ஸைப் பிடிச்சிருப்பேன். தப்பா சொல்லிடுவோமோன்னு பயந்துக்கிட்டு சொல்லாமலே விடுறாங்க போல.

கடைசிவண்டி_பயணி · நாலு நாள் கழிச்சு, இரவு 12:20

அப்டேட். எதிர்ப்பக்கம் 10:25க்கு போற வண்டிதான் திரும்பி நம்ம 11:10 ஆகுது, மூணு நாள் விசாரிச்சு உறுதி பண்ணிட்டேன். ஆனா அது போற நேரத்துல நான் வேலையில இருப்பேனே! பக்கத்துல பழக்கடை போடுறவர்கிட்ட சொல்லி வச்சேன். இன்னிக்கு நான் ஓடி வரும்போதே "அந்த வண்டி போகலப்பா"ன்னு கையை ஆட்டிட்டாரு. போர்டுல "5 நிமிடம்"னு ஜம்முனு இருந்துச்சு. நேரா பஸ் ஸ்டாப்புக்கு போய் 11:30ஐப் பிடிச்சு, இப்ப சாப்பிட்டு முடிச்சுட்டு ஆப்பைத் திறந்து பார்த்தா 11:10 வண்டி "2 நிமிடம்"னு காட்டுது.

நைட்டவுல் · இரவு 12:24

யோவ், வந்துச்சா இல்லையா?

கடைசிவண்டி_பயணி · காலை 10:05

தெரியல ப்ரோ, தூங்கிட்டேன்.