பழைய ப்ரொஜெக்டர்: ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகளால் படம் காட்டும் வகை) ப்ரொஜெக்டர், ரெசல்யூஷன் (படப் புள்ளிகளின் அளவு) 1024 × 768. பின்னால் விஜிஏ என்ற பழைய வகை வீடியோ சாக்கெட் மட்டும்தான் உண்டு. பழைய லேப்டாப்பில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் இருப்பதால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் மாட்டினேன். இப்போது ஆன் செய்தால் ஃபேன் சத்தம் கேட்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. பார்த்த ஒருவர் "லேம்ப் போயிருக்கும், புதிது போடுங்கள்" என்கிறார். பிள்ளைகளுக்கு வானியல் படங்கள் காட்ட இதைத்தான் நம்பியிருக்கிறேன். உண்மையிலேயே லேம்ப்தானா?

பதில் 1

லேம்ப்பை இப்போதே வாங்க வேண்டாம். ப்ரொஜெக்டர் பழுது பார்ப்பதுதான் என் தொழில். திரை இருட்டு என்றதும் லேம்ப் மேல் பழி போடுவது வழக்கம். ஆனால் வெளிச்சமே வராதது ஒரு கோளாறு, வெளிச்சம் வந்தும் படம் வராதது வேறு கோளாறு. முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

அறையை இருட்டாக்கி ப்ரொஜெக்டரை ஆன் செய்யுங்கள். காற்று வெளியேறும் ஓட்டைகளைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். லென்ஸுக்குள் மட்டும் நேராகப் பார்த்துவிடாதீர்கள். ஓட்டை வழியே வெளிச்சம் கசிந்தால் லேம்ப் எரிகிறது என்று அர்த்தம். அப்புறம் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு ப்ரொஜெக்டருக்குள்ளேயே உருவாவது, அதற்கு லேப்டாப் தேவையில்லை. அது திரையில் தெளிவாகத் தெரிந்தால் லேம்ப், கலர் வீல் (நிறம் தரும் சுழல் சக்கரம்), லென்ஸ் எல்லாமே நலம்.

ரிமோட்டில் 'பிளாங்க்' அல்லது 'ஏவி மியூட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அது அமுங்கியிருந்தாலும் திரை இப்படித்தான் கறுப்பாகும்.

பதில் 2

என்னுடையதில் வெளிச்சமே வரவில்லை. ஆன் செய்ததும் உள்ளே டிக் டிக் என்று கேட்கிறது, கொஞ்ச நேரத்தில் லேம்ப் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னி அணைந்துவிடுகிறது. இது எந்த வகை?

பதில் 1 எழுதியவர்

அது லேம்ப் பற்றிக்கொள்ளாத வகை. அந்த டிக் டிக், பல ஆயிரம் வோல்ட் கொடுத்து லேம்ப்பைப் பற்றவைக்க பேலஸ்ட் (லேம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) முயலும் சத்தம். முயன்றும் பற்றவில்லை என்றால் பெரும்பாலும் லேம்ப், இல்லாவிட்டால் பேலஸ்ட். லேம்ப் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அங்கே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, அது அமுங்காவிட்டால் லேம்ப் எரியாது. டிஎல்பி என்றால் கலர் வீல் சுற்றாவிட்டாலும் லேம்ப் எரியாது, எரிந்தாலும் உடனே அணைந்துவிடும்.

திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து நன்றாக ஆறவிடுங்கள். லேம்ப்புக்குள் பாதரசம் இருக்கிறது, வேலை செய்யும்போது உள்ளே அழுத்தமும் மிக அதிகம். கண்ணாடியில் விரல் படக் கூடாது. கை எண்ணெய் ஒட்டிய இடம் சூட்டில் பழுதாகும்.

கேள்வி கேட்டவர்

ஓட்டைகளில் வெள்ளை வெளிச்சம் நன்றாகத் தெரிகிறது. மெனுவும் பளிச்சென்று வருகிறது. லேம்ப் தப்பித்தது! அப்படியானால் அடுத்து எதைப் பார்ப்பது?

பதில் 1 எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி. இனி கோளாறைத் தேட வேண்டியது லேப்டாப்புக்கும் விஜிஏ சாக்கெட்டுக்கும் நடுவில்தான். மெனுவில் சோர்ஸ் (படம் எந்த சாக்கெட்டிலிருந்து வர வேண்டும் என்ற தேர்வு) விஜிஏவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேபிளைக் கழற்றி முனையை வெளிச்சத்தில் பிடியுங்கள். மூன்று வரிசையில் 15 ஊசிகளுக்கு இடம் இருக்கும். ஒன்பதாவது ஊசி பல கேபிள்களில் இருக்காது, அது உடைந்ததல்ல. முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். இவற்றில் ஒன்று வளைந்தால் நிறம்தான் கெடும், படம் வரும். 13, 14 இரண்டும் ஒத்திசைவு ஊசிகள்; அவற்றில் ஒன்று வளைந்தால் ப்ரொஜெக்டருக்குப் படம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, சிக்னல் இல்லை என்று சொல்லிவிடும். 12, 15 வழியாகத்தான் ப்ரொஜெக்டர் தன்னால் எந்த ரெசல்யூஷனைக் காட்ட முடியும் என்று லேப்டாப்புக்குச் சொல்கிறது. மலிவான கேபிள்களில் இவை இணைக்கப்படாமலே இருப்பதுண்டு.

என் சந்தேகம் ரெசல்யூஷன் மேல்தான். புது லேப்டாப் 1920 × 1080 அனுப்பும். உங்கள் கருவி அதை ஏற்காமல் இருக்கலாம். விண்டோஸ் என்றால் விண்டோஸ் பட்டனோடு 'பி' அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்கில் இரண்டாவது திரைக்கு மட்டும் 1024 × 768, 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். படம் வந்து வந்து போனால் கன்வெர்ட்டருக்கு மின்சாரம் போதாமல் இருக்கலாம். அதன் பக்கத்தில் சின்ன யுஎஸ்பி சாக்கெட் இருந்தால் அதற்குத் தனியாக மின்சாரம் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

1024 × 768 வைத்த உடனே படம் வந்துவிட்டது! சனிக்கோளின் வளையம் சுவர் முழுக்க நிற்கிறது. ரொம்ப நன்றி. இன்னொன்று: சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு தளத்தின் வீடியோவில் சத்தம் கேட்கிறது, படம் மட்டும் கறுப்பு. மற்றதெல்லாம் சரியாக ஓடுகிறது.

பதில் 1 எழுதியவர்

அது கருவியின் கோளாறு அல்ல. அத்தகைய வீடியோக்களுக்கு எச்டிசிபி என்ற நகல் தடுப்பு உண்டு, விஜிஏ வழியில் அது வேலை செய்யாது. அதனால் லேப்டாப்பே படத்தை நிறுத்திவிடுகிறது. கேபிள் மாற்றினாலும் லேம்ப் மாற்றினாலும் அது வராது. உங்களிடம் உள்ள வானியல் படங்களுக்கு இந்தத் தடை வராது, தாராளமாக ஓட்டுங்கள். முடித்ததும் பிளக்கைப் பிடுங்காமல், ஃபேன் தானாக நிற்கும் வரை விடுங்கள்.